இனி அம்மா உட்காரலாம்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் அம்மாவைப் பற்றி உன்னிடம் கேட்டால், அம்மாவே பிடுங்கி, "எனக்கென்ன கேடு, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். உன்னிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்க வழியில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கடிதத்தின் பின்னாலேயே ஒரு பெட்டி வரும். இத்தனை நாளாக என் தூக்கத்தைத் தின்ற பிராணி அதற்குள் இருக்கிறது. தரையில் தானாக ஊர்ந்து பெருக்கும், ஈரத்துணியால் துடைக்கும், களைத்தால் தானே போய்ச் சுவரோரம் நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். கடைக்கான பெயர் இன்னும் முடிவாகவில்லை. நாங்கள் 'ஆமை' என்கிறோம். டயர் கடை மாடியில் எங்கள் கம்பெனி இருக்கிறதே, அந்தத் தரையில் சமர்த்தாக ஓடுகிறது. ஆனால் அது வீடு இல்லையே. வீடு என்றால் ஒயர் கிடக்கும், செருப்பு கிடக்கும், உன் வாலு மாதிரி ஒரு பெண் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருக்கும். அதனால் தெரிந்தவர் வீடுகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறோம். எங்கே முட்டிக்கொண்டது, யாரை எரிச்சல்படுத்தியது என்று ஒன்றுவிடாமல் எழுது. தம்பி மனசு நோகுமே என்று பார்க்காதே. நீ அப்படிப் பார்த்ததாகச் சரித்திரமும் இல்லை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. இதன் முதல் படத்தைக் காகிதத்தில் வரைந்தபோதே அம்மாதான் என் மனசில். குனிந்து குனிந்தே முதுகு வளைந்துபோனவள். இனியாவது கொஞ்சம் நிமிரட்டும்.

மாமாவுக்கு என் வணக்கம். வாலுக்கு முத்தம்.

உன் தம்பி


மார்ச் 22

அன்புத் தம்பிக்கு,

உன் ஆமை பத்திரமாக வந்து சேர்ந்தது. உன் மாமா குறிப்புப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்து, எதுவும் புரியாமல், பித்தானை அமுக்கினார். அது ஓடியது. தானே கண்டுபிடித்த மாதிரி இன்னும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறார்.

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். முதல் நாளே வாலுவின் காலுறையை விழுங்கியது. என் தலைமுடியெல்லாம் அதன் உருளையில் சுற்றிக்கொண்டு, கத்தரிக்கோல் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அம்மா அறை வாசலில் ஒரு கறுப்பு மிதியடி உண்டே, அதன் முன்னால் போய் நின்று அப்படியே பின்வாங்குகிறது. அதற்கு என்ன பயமோ தெரியவில்லை. அம்மா பார்த்துவிட்டு, "செஞ்சவனை மாதிரியே பயந்தாங்கொள்ளி" என்றாள்.

அம்மாவுக்கு அதன்மேல் மரியாதை கிடையாது. காலை, மதியம், சாயங்காலம் என்று அவள் பெருக்குவது உனக்குத் தெரியும். நான் மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பும்போது ஒரு கையில் துடைப்பம், ஒரு கை சுவரில். இப்போது ஆமை முன்னால் போக, இவள் பின்னாலேயே போகிறாள். "இதுக்கு மூலைன்னா என்னன்னே தெரியலைடி. வட்டமா பொறந்தா அப்படித்தான்" என்று அது விட்ட இடத்தைக் கூட்டித் தள்ளுகிறாள். கண்காணிப்பாளரெல்லாம் தோற்றுப்போவார். நேற்று அதைத் திட்டிக்கொண்டே கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றினாள். வந்து உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியது, முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

முழங்கால் வீக்கம் அப்படியேதான். வலிக்கிறது என்று என்னிடமும் சொல்லமாட்டாள்.

மிஷினை அனுப்பிவிட்டாய், சரி. நீ எப்போது வருவாய்? உன்னை அனுப்பப் பெட்டி கிடைக்கவில்லையா?

அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "வட்டமா பொறந்தா அப்படித்தான்" என்பதைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டார்கள். அம்மா புண்ணியத்தில் இப்போது பக்கவாட்டில் ஒரு சின்னத் துடைப்பான் வைத்திருக்கிறோம். மூலைக்குள் கையை நீட்டுகிற மாதிரி சுழலும். மிதியடி விஷயமும் தீர்ந்தது. தரை இருக்கிறதா, பள்ளமா என்று பார்க்க அது அடியில் வெளிச்சம் அடித்துக்கொண்டே போகும். கறுப்பு அந்த வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால், கிணறு என்று நினைத்து நின்றிருக்கிறது. பாவம், பயந்தாங்கொள்ளி இல்லை, ஜாக்கிரதைக்காரன்.

இனிமேல்தான் பெரிய விஷயம். விற்பனையைப் பார்க்க ஒருவர் வந்திருக்கிறார். பேச்சில் அவ்வளவு இனிப்பு. நாங்கள் 'சர்க்கரை' என்றுதான் சொல்வோம். வீடு வீடாகப் போய் விசாரித்தார். எல்லாப் பெண்களுக்கும் இது பிடித்திருக்கிறது, ஆனால் வாங்கக் கூசுகிறார்களாம். சர்க்கரை சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சார், தனக்குன்னு வாங்கினா சோம்பேறின்னு பேரு. அம்மாவுக்குன்னு வாங்கினா நல்ல பிள்ளைன்னு பேரு. நாம நல்ல பிள்ளைங்களுக்கு விப்போம்."

போன வாரம் அம்மா போனில், "இப்பத்தான்டா கொஞ்சம் உட்கார்ந்திருக்கேன்" என்றாள் அல்லவா? அதைப் பேச்சுவாக்கில் சர்க்கரையிடம் சொன்னேன். ஆள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். நடிகை வேண்டாம், அம்மாவே போதும் என்கிறார். உன் வீட்டிலேயே வந்து படம் எடுக்க அனுமதி கேட்கிறோம். நானும் கூட வருகிறேன். எப்போது வருவாய் என்று கேட்டாயே, இதோ.

தம்பி


மே 16

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் போனபின் வீடு கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி இருந்தது. நகர்த்திய சாமான்களைத் திரும்ப நகர்த்தி முடிக்க உன் மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். முகத்தில் பூசிய மாவைக் கழுவவே விடவில்லை. ஆனால் தம்பி, அந்த ஜன்னலோர நாற்காலி நம்முடையது இல்லை, துடைப்பத்தைக் கண்ணில் படக் கூடாது என்று பரண்மேல் போட்டார்கள், அவள் சொன்ன வார்த்தையையும் மாற்றினார்கள். அவள் சொன்னது "கொஞ்சம் உட்கார்ந்திருக்கேன்." உங்கள் படத்தில் "இனிமே நான் உட்காரலாம்." அந்தக் 'கொஞ்சம்' எங்கே போயிற்று என்று சர்க்கரையைக் கேட்டேன். "அதெல்லாம் நேரம் இடிக்கும்மா" என்றார்.

நீ ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவர்கள் வண்டியிலேயே போய்விட்டாய். இரவு தங்குவாய் என்று அம்மா உன் போர்வையை எடுத்து வெயிலில் போட்டிருந்தாள். சொல்ல வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டேன்.

அக்கா


ஜூலை 5

அன்புத் தம்பிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. வேலை மும்முரம் என்று தெரிகிறது. பஸ் நிறுத்தத்தில் அம்மா, வங்கி வாசலில் அம்மா, டிவியைத் திருப்பினால் அம்மா. மருந்து வாங்க வருகிறவர்களெல்லாம், "உங்கம்மாதானே, கொடுத்து வச்சவங்க" என்கிறார்கள்.

இதைக் கவனமாகப் படி. அம்மா இப்போது எழுந்திருப்பதில்லை. நீங்கள் அவளுக்கென்று விட்டுப்போன அந்த நாற்காலியில் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை அங்கேயேதான். பிசியோதெரபி பெண் வந்து பார்த்துவிட்டு என்னைக் கடிந்துகொண்டாள். "முன்னாடி நல்லா நடந்துட்டிருந்தாங்களே, என்ன ஆச்சு? தொடையில சதையே இல்லை" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா அத்தனை நாள் நடந்தது பெருக்குவதற்காகத்தான். அந்த மூன்று வேளைதான் அவள் நடை.

பரணிலிருந்து துடைப்பத்தை இறக்கிக் கையில் கொடுத்தேன். வாங்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு என்ன சொன்னாள் தெரியுமா? "ஊரெல்லாம் பார்க்க உட்காரலாம்னு சொல்லிட்டு, வீட்டுல துடைப்பத்தோட நின்னா சின்னவன் பேரு என்னத்துக்காகும்? யாராச்சும் வந்து பார்த்தா?"

என் பேச்சு எடுபடவில்லை. நீ வந்து, "பெருக்கும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் எழுவாள். போனில் வேண்டாம். நேரில் வா.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே மூச்சு விட நேரமில்லை. முதல் சரக்கு முழுக்க விற்றுவிட்டது! டயர் கடை மாடியைக் காலி செய்துவிட்டு, லிப்ட் வைத்த கட்டடத்துக்கு வந்துவிட்டோம். புதிதாக ஆட்களைச் சேர்த்திருக்கிறோம். எங்கே போனாலும் "அந்த அம்மா மிஷின்" என்றுதான் கேட்டு வாங்குகிறார்களாம்.

அம்மா விஷயம் கவலையாக இருக்கிறது. போனில் பேசினேன். "தினமும் நடக்கிறேன்டா, உங்கக்கா ஒண்ணுன்னா ஒம்பதும்பா" என்றாள். பிடித்து நடக்க ஒரு நல்ல ஊன்றுகோல் அனுப்பியிருக்கிறேன், மடக்கலாம். அடுத்த மாதச் சரக்கு போனதும் கட்டாயம் வருகிறேன்.

அவசரத்தில் எழுதுகிறேன்.

தம்பி


செப்டம்பர் 4

தம்பி,

போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். இங்கே கடைக்குச் சரக்கு இறக்க வந்த உங்கள் கம்பெனி வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், இதையாவது பார். முந்தாநாள் நாற்காலியிலிருந்து எழ முயன்று அம்மா விழுந்துவிட்டாள். கால் தாங்கவில்லை. இடுப்பு எலும்பு. நான் கடையில் இருந்தேன், உன் மாமா வேலைக்குப் போயிருந்தார், வாலு பள்ளிக்கூடத்தில். ஆமை மட்டும் பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்தது, அம்மா கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை.

மயக்கத்திலும் உன்னைத்தான் கேட்கிறாள். உடனே வா.

அக்கா


அக்டோபர் 25

அன்புத் தம்பிக்கு,

அம்மாவின் காரியம் முடிந்து நீ கிளம்பிப் போனதிலிருந்து வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. வாலு மட்டும் அம்மாவின் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நீ என் காலைப் பிடித்து, "கடைசிவரைக்கும் கண்ணைத் திறக்கலையாக்கா?" என்று அழுதாயே. திறந்தாள். நீ வருவதற்கு முந்தின நாள் காலையில். அன்றைக்கு உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சின்னவன் வந்தா உட்காரச் சொல்லு, நின்னே பழக்கம் அவனுக்கு" என்றாள். வேறு எதுவும் பேசவில்லை.

மிஷின் அவளைக் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். நீ கொன்றாய் என்றும் சொல்லமாட்டேன். வயதானவள், முழங்கால் போனவள். டாக்டரும் அதைத்தான் சொன்னார். ஆனால் அந்தப் படம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே அம்மா சிரித்துக்கொண்டு, "இனிமே நான் உட்காரலாம்" என்கிறாள். பக்கத்தில் நின்ற பெண் தன் வீட்டுக்காரரிடம், "நம்ம அத்தைக்கும் ஒண்ணு வாங்கணுங்க" என்றாள். எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது.

மிஷினை விற்றுக்கொள். நல்ல மிஷின்தான். அம்மாவை வைத்து விற்காதே. அதை எடுத்துவிடு.

அக்கா


நவம்பர் 8

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள்.

கம்பெனிக்குப் பணம் போட்ட முதலாளியிடம் பேசினேன். வருஷக் கடைசி விற்பனை வருகிறது, அதுவரை தொட முடியாது என்கிறார். அந்த ஒரு படத்தால்தான் இந்தக் கம்பெனி நிற்கிறது, அக்கா. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கல்யாணம், குழந்தை என்று இதை நம்பித்தான் இருக்கிறார்கள். படத்தை எடுத்துவிட்டு நாளைக்கு நான் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

சர்க்கரை என்ன சொன்னார் தெரியுமா? "அம்மா இருந்தா சந்தோஷப்படுவாங்க சார்." அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அவள் சந்தோஷமாகத்தானே அதில் உட்கார்ந்தாள்? என் பெயருக்காகத்தானே? அவள் கொடுத்ததை நான் எப்படித் தூக்கி எறிவது?

விற்பனை முடியட்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

தம்பி


நவம்பர் 15

தம்பி,

உன் பெயருக்காக உட்கார்ந்தாள். அதனால்தான் எழுந்திருக்க முடியாமல் போனாள். இது உனக்குத் தெரியாமல் இல்லை. ஜூலையில் எழுதியிருந்தேன்.

ஒரு பிரதிகூட எங்கும் இருக்கக் கூடாது. அதுவரை எனக்கு எழுதாதே.

அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்றாய். இத்தனை நாள் எழுதவில்லை. இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

படம் போய்விட்டது. விற்பனை முடிந்தும் முதலாளி மசியவில்லை. அடுத்து வரப்போகிற இரண்டாவது மிஷின் முழுக்க முழுக்க என் வேலை என்பது உனக்குத் தெரியாது. அதன்மேல் எனக்கு இருந்த உரிமையை எல்லாம் கம்பெனிக்கே விட்டுக்கொடுக்கிறேன், பதிலுக்கு அந்தப் படத்தை என்னிடம் கொடுங்கள் என்றேன். ஒப்புக்கொண்டார். அதற்குமேல் அங்கே எனக்கு நாற்காலி இல்லை என்பது அவருக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. போன வாரம் வெளியே வந்துவிட்டேன். சேர்ந்து ஆரம்பித்த நண்பர்களில் ஒருவன் மட்டும் வாசல்வரை வந்தான். "போயிட்டு வான்னு சொல்லக்கூட வாய் வரலைடா" என்றான்.

கடைகளிலிருந்து, டிவியிலிருந்து, எல்லா இடத்திலிருந்தும் எடுத்தாகிவிட்டது. அன்றைக்கு எடுத்த பதிவு முழுவதையும், வெட்டிப் போட்ட துண்டுகளையும் சேர்த்து, நானே உட்கார்ந்து அழித்தேன். என் கம்ப்யூட்டரில் இருந்ததையும். நீ சொன்னபடி ஒரு பிரதிகூட எங்கும் இல்லை. அழிக்குமுன் ஒரு முறை பார்க்கலாமா என்று நினைத்தேன். பார்த்தால் அழிக்கமாட்டேன் என்று பயந்து பார்க்கவில்லை.

இனிமேலாவது என்னோடு பேசு, அக்கா.

உன் தம்பி


பிப்ரவரி 28

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

எங்கள் மருந்துக் கடையிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு வருகிற வழியில் வீட்டுச் சாமான் கடை ஒன்று உண்டு. உனக்கு 'எழுதாதே' என்று எழுதிப் போட்ட அன்று, அந்தக் கடைக்குள் போய் அவர்களையும் ஒரு பிடி பிடிக்கலாம் என்று நுழைந்தேன். துணி துவைக்கும் மிஷின்களுக்கு எதிரே பெரிய டிவி. அம்மா பேசிக்கொண்டிருந்தாள். சண்டை போட வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவள் போனபின் வீட்டு டிவியில் வந்தாலே அணைத்துவிடுவேன்; பஸ் நிறுத்தத்தில் தெருச் சத்தத்தில் அவள் குரல் சரியாகக் கேட்டதில்லை. இங்கே அவள் குரல், அந்தக் கரகரப்போடு, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி கேட்டது. நம்மிடம் அவள் போட்டோ இருக்கிறது. அசைகிற அம்மா, பேசுகிற அம்மா, நம்மில் யாரிடமும் இல்லை. நம் வீட்டில் யார் அவளைப் படம் பிடித்தோம்?

அடுத்த நாளும் போனேன். பிறகு தினமும். உன்மேல் கோபத்தை வளர்த்துக்கொண்டே தினமும் போய் நின்றேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. விற்பனைப் பெண் ஒருநாள், "வாங்கறீங்களாக்கா, பார்த்துட்டே இருக்கீங்க?" என்றாள். யோசிச்சிட்டிருக்கேன் என்றேன். எடுத்துவிடச் சொன்னதை வேண்டாம் என்று உனக்கு எழுத எத்தனையோ தடவை பேனாவை எடுத்தேன். வீம்பு விடவில்லை. நீ செய்யமாட்டாய் என்ற தைரியமும் இருந்தது.

இந்த மாத முதல் வாரத்தில் ஒருநாள் போனால், அதே நாற்காலியில் வேறு யாரோ ஒரு அம்மா. நல்ல பல்வரிசை. சிரித்தாள். நான் மிஷின்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "அந்தப் பழைய அம்மாவைத் தேடறீங்களாக்கா? மாத்திட்டாங்க" என்றாள்.

உன்னைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. நான் கேட்டேன், நீ கையிலிருந்ததையெல்லாம் கொடுத்துச் செய்தாய். யார் செய்வார்கள்? தப்பு என்று இதில் யாரைப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பிடித்துத்தான் என்ன ஆகப் போகிறது.

படத்தின் கடைசியில் ஓர் இடம் வரும். பேசி முடித்துவிட்டு அம்மா காதோரம் முடியை ஒதுக்கிக்கொண்டு, கேமராவை விட்டுப் பக்கவாட்டில் யாரையோ பார்ப்பாள். அப்போதுதான் உண்மையாகச் சிரிப்பாள். சட்டென்று முடிந்துவிடும். அத்தனை நாளும் நான் அந்த இடத்துக்காகத்தான் காத்து நின்றேன். கேமராவுக்குப் பக்கத்தில் அன்றைக்கு நின்றவன் நீ.

வேலை இல்லாமல் அங்கே தனியாக என்ன செய்யப் போகிறாய்? கிளம்பி வா. உன் மாமாவும் வரச் சொன்னார். நான் அந்தச் சிரிப்பின் ஆரம்பத்தை மட்டும்தான் பார்த்தேன். மீதியை நீ பார்த்திருப்பாய். வந்து சொல்.

உன் அக்கா